கருப்பு ரப்பர் செடி வளர்க்க ஆசையா? தருமபுரியில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான்!

ஹாலில் டி.வி. பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி. அதில் கருஞ்சிவப்பும் கருப்பும் கலந்த பளபளப்பான இலைகளோடு ஒரு செடி. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. ஓசூர், பெங்களூரு நர்சரிகளில் இருந்து தருமபுரி வீடுகளுக்கும் இந்தச் செடி இப்போது வந்துகொண்டிருக்கிறது.

வாங்கி வந்த முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அதன்பிறகு இலை ஓரம் பழுப்பாகும். தொட்டி மண்மேல் வெள்ளையாக ஏதோ படியும். கீழ் இலை ஒவ்வொன்றாக உதிரும். "நம்ம கைக்கு செடி வராதுப்பா" என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் கையில் குறை இருப்பதில்லை. பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீரிலும், செடியை வைக்கும் இடத்திலும்தான் சிக்கல். அதிலும் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீருக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. அது என்ன? எந்தச் செடி இங்கே தாங்கும்? எப்படிப் பராமரிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன செடி?

நர்சரியில் 'பிளாக் ரப்பர்', 'பர்கண்டி ரப்பர்' என்று சொல்லி விற்பது ஃபைகஸ் எலாஸ்டிகா என்ற செடியின் ஒரு வகை. ஆல், அரசு, அத்தி எல்லாம் இதே குடும்பம்தான். இலையைக் கிள்ளினால் ஆலமரம் போலவே வெள்ளைப் பால் வடியும்.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளாவிலும் பால் எடுக்கிற ரப்பர் மரம் வேறு. அது பிரேசில் பக்கத்தில் இருந்து வந்த ஹீவியா மரம். ஃபைகஸ் எலாஸ்டிகாவில் இருந்தும் ஒரு காலத்தில் ரப்பர் எடுத்தார்கள். ஹீவியா வந்தபிறகு அந்த வழக்கம் நின்றுபோய், இது அழகுச் செடியாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

இதன் சொந்த ஊர் வெளிநாடு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் இருந்து மியான்மர், மலேசியா, இந்தோனேசியா வரை இது காட்டு மரமாக வளர்கிறது. மேகாலயாவில் ஆற்றின் குறுக்கே மரத்தின் வேர்களையே பின்னிப் பாலம் அமைப்பார்கள் இல்லையா? அந்த உயிருள்ள வேர்ப்பாலங்கள் இந்த மரத்தின் வேர்களால் ஆனவைதான். 2022-ல் அவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன.

அதாவது, நிறைய மழையும் ஈரக்காற்றும் இருக்கிற இடத்தின் மரம் இது. அதைத்தான் நாம் வெயிலும் வறண்ட காற்றும் உள்ள தருமபுரியில் ஒரு தொட்டிக்குள் வைக்கிறோம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பராமரிப்பு எல்லாம் எளிதாகப் புரியும்.

இலை ஏன் கருப்பாக இருக்கிறது?

எல்லா இலையிலும் இருக்கும் பச்சையம் இதிலும் இருக்கிறது. அதோடு ஆந்தோசயனின் என்ற சிவப்பு - ஊதா நிறமியும் சேர்ந்திருப்பதால் கண்ணுக்குக் கருப்பு மாதிரி தெரிகிறது. நாவல் பழத்துக்கும் கருப்புத் திராட்சைக்கும் நிறம் கொடுப்பது இந்த வகை நிறமிதான்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, வெளிச்சம் குறைந்தால் புது இலை பச்சையாக வரும். கருப்பு நிறம் வேண்டுமென்றால் நல்ல வெளிச்சம் வேண்டும். இரண்டு, கருப்பு இலை வெயிலை அதிகமாக உறிஞ்சும். கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு மதிய வெயிலில் நின்றால் என்ன ஆகுமோ, அதேதான் இந்த இலைக்கும் ஆகும். வெளிச்சம் வேண்டும், நேரடி உச்சி வெயில் ஆகாது.

தருமபுரி தண்ணீரில் என்ன பிரச்னை?

தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். இங்குள்ள கிரானைட் வகைப் பாறைகளில் ஃப்ளோரைடு கலந்த கனிமங்கள் இயற்கையாகவே இருக்கின்றன. பாறை இடுக்கில் தண்ணீர் நீண்டகாலம் தங்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிறது. போர் ஆழமாகப் போகப் போக, பாறையோடு அதிக காலம் கிடந்த தண்ணீரே மேலே வர வாய்ப்பு இருக்கிறது.

குடிநீரில் ஃப்ளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவு. அதைவிட அதிகமுள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தால் பல்லில் கறை, எலும்புப் பாதிப்பு எல்லாம் வரும். இதைத்தான் ஃப்ளோரோசிஸ் என்கிறோம்.

இந்தப் பாதிப்பில் இருந்து மக்களைக் காப்பாற்றத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதன் முழுப்பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்ற வார்த்தையும் உண்டு. ஜப்பான் நிதியுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவருகிறது.

குடிக்கக் காவிரித் தண்ணீர், மற்ற வேலைக்கு போர் தண்ணீர். பல வீடுகளில் இதுதான் வழக்கம். அப்படியென்றால் தொட்டிச் செடிக்குப் போவது எது? போர் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீர் செடியை என்ன செய்யும்?

செடி வேரில் உறிஞ்சும் தண்ணீர், தண்டு வழியாக ஏறி இலைக்குப் போய் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், அதில் இருந்த ஃப்ளோரைடும் உப்பும் ஆவியாகாது. அவை இலை நுனியிலும் ஓரத்திலும் சேர்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் அந்த இடத்துச் செல்கள் செத்துப்போய் பழுப்பாகிக் கருகிவிடும். நுனியில் இருந்து கருகல் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

இதில் எல்லாச் செடியும் ஒன்று கிடையாது. டிராசீனா, கார்டிலைன், கலாத்தியா, ஸ்பைடர் பிளான்ட், பீஸ் லில்லி போன்றவை ஃப்ளோரைடால் எளிதில் பாதிக்கப்படும் செடிகள். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவு இருந்தாலே இவற்றில் சிலவற்றின் இலை நுனி கருகத் தொடங்கிவிடும். மனிதருக்குக் குடிக்கச் சரியான தண்ணீரே சில செடிகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதுதான் இதன் பொருள்.

ரப்பர் செடி இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டி. ஃப்ளோரைடால் சீக்கிரம் பாதிக்கப்படும் செடிகளின் பட்டியலில் இது வழக்கமாக வருவதில்லை. ஆனால் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு மட்டுமா இருக்கிறது? கால்சியம், சோடியம் என்று மற்ற உப்புகளும் உண்டு. அவை தொட்டி மண்ணில் சேர்ந்தால் ரப்பர் செடியின் வேரும் அடிவாங்கும். மண்மேலும் தொட்டி ஓரத்திலும் வெள்ளைப் படலம் தெரிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கருப்பு இலைச் செடிகளில் எதை வாங்கலாம்?

தருமபுரி வெயிலையும் தண்ணீரையும் வைத்துப் பார்த்தால்:

• பர்கண்டி ரப்பர் செடி: முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஏற்றது. தடித்த இலை என்பதால் வறண்ட காற்றைத் தாங்கும்.

• கருப்பு இசட்.இசட். செடி (ரேவன்): கிழக்கு ஆப்பிரிக்கச் செடியின் கருப்பு வகை. மண்ணுக்கு அடியில் கிழங்கு வைத்து அதில் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போனாலும் தாங்கும். புதுத் தளிர் இளம்பச்சையாக வந்து பிறகுதான் கருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம்.

• கருப்பு அலோகேசியா (பிளாக் வெல்வெட்): போர்னியோ தீவின் செடி. நல்ல ஈரக்காற்று கேட்கும். நம்ம ஊர் ஏப்ரல், மே மாதங்களில் சமாளிப்பது கஷ்டம். அனுபவம் வந்தபிறகு வாங்கலாம்.

• கருமை இலை டிராசீனா, கார்டிலைன், கலாத்தியா: மழைநீரோ, ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்ற முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் வேண்டாம்.

அப்போ எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

முதலிடம் மழைநீருக்கு. உப்பும் ஃப்ளோரைடும் கிட்டத்தட்ட இல்லாத தண்ணீர், செலவும் இல்லை. ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 100 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் தண்ணீர் விழுகிறது. சிந்தியது, ஆவியானது போக 70 லிட்டர் பிடித்தாலும், நடுத்தர அளவு ரப்பர் செடி ஒன்றுக்கு வாரம் ஒரு லிட்டர் என்று வைத்தால் ஒரு வருடத்துக்கு மேல் வரும். தருமபுரியில் நல்ல மழை கிடைக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரண்டு மூன்று கேன் பிடித்து வைத்தாலே பெரிய உதவி. நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில் மாடித் தூசி எல்லாம் கலந்து வரும், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பிடித்து வைத்த தண்ணீரை இறுக்கமாக மூடி வைப்பது கட்டாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, இப்படிப்பட்ட சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டும் அப்படித்தான். தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்தும் கழுவுங்கள், ஒட்டியிருக்கும் முட்டை போய்விடும். செடி ஆசையில் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது.

இரண்டாவது, ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீர். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து வருவதால் இதில் உப்பு மிகக் குறைவு. அழகுச் செடிகளுக்குத் தாராளமாக ஊற்றலாம். குடிக்கவோ, கீரைத் தொட்டிக்கோ வேண்டாம்.

மூன்றாவது, ஆர்.ஓ. தண்ணீரும் போர் தண்ணீரும் சரிபாதி கலந்தது. ஆர்.ஓ. சுத்திகரிப்பு ஃப்ளோரைடின் பெரும்பகுதியை நீக்கிவிடும் என்பதால், கலக்கும்போது அதன் அளவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும்.

ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு ஊற்றலாமா?

"தண்ணிய வேஸ்ட் பண்ணாம செடிக்கு ஊத்துறேன்" என்று பலர் செய்வது இதைத்தான். எண்ணம் நல்லதுதான், ஆனால் தொட்டிச் செடிக்கு இது சரிவராது.

காரணம் எளிது. 3 லிட்டர் போர் தண்ணீர் உள்ளே போய் 1 லிட்டர் நல்ல தண்ணீரும் 2 லிட்டர் கழிவு நீரும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 லிட்டரில் இருந்த உப்பு, ஃப்ளோரைடு எல்லாம் கிட்டத்தட்ட முழுசாக அந்த 2 லிட்டருக்குள் வந்துவிடும். அதாவது, கழிவு நீரில் அவற்றின் அளவு போர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு. அதை வீடு துடைக்க, கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள். செடிக்கு வேண்டாம்.

கொதிக்க வைத்தால் சரியாகுமா?

ஆகாது. கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளோரைடு அங்கேயே இருக்கும். அதனால் மிச்சமுள்ள தண்ணீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ராத்திரி முழுக்க வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் குறையலாம், ஃப்ளோரைடு குறையாது. குடிக்கிற தண்ணீருக்கும் இது அப்படியே பொருந்தும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்?

"தினமும் ஒரு டம்ளர்" என்பதுதான் ரப்பர் செடியைக் கொல்லும் சுலபமான வழி. வீட்டுக்குள் வைக்கும் செடிகள் காய்ந்து சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம்.

நாள் கணக்கை விடுங்கள். விரலை மண்ணுக்குள் 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் காத்திருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஊற்றும்போது கொஞ்சமாகத் தெளிக்காமல், அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் வடியும் வரை ஊற்ற வேண்டும். இப்படிச் செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் வாரம் இரண்டுமுறையும், மார்கழி, தை மாதங்களில் பத்து நாளைக்கு ஒருமுறையும் தேவைப்படலாம். தொட்டி, மண், காற்றோட்டத்தைப் பொறுத்து இது மாறும். விரல் சொல்வதை நம்புங்கள்.

மண்ணைக் கழுவுவது எப்படி?

போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம் என்பவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். தொட்டியைக் குளியலறைக்கோ வெளியிலோ எடுத்துச் சென்று, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக, விட்டுவிட்டு ஊற்றுங்கள். தங்கிய உப்பு கரைந்து அடி வழியாகப் போய்விடும். மழைநீர் என்றால் ரொம்ப நல்லது. போர் தண்ணீரே என்றாலும், மண்ணில் சேர்ந்த உப்பைவிட அதில் அடர்த்தி குறைவு என்பதால் பலன் உண்டு.

இன்னும் எளிய வழி, நல்ல மழை பெய்யும்போது செடியை ஒருமணி நேரம் வெளியே வைப்பது. மண்ணும் கழுவப்படும், இலைத் தூசியும் போகும். மழை விட்டு வெயில் வருவதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். மண்மேல் தெரியும் வெள்ளைப் படலத்தை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது மண் போடலாம்.

எந்த இடத்தில் வைப்பது?

கிழக்கு ஜன்னல் பக்கம் சிறந்த இடம். காலை இளவெயில் பட்டால் நிறம் நன்றாக வரும். வடக்கு ஜன்னலும் பரவாயில்லை. மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய திரை போட்டு, ஜன்னலில் இருந்து மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள்.

ஓர் எளிய சோதனை: பகலில் லைட் போடாமல் அந்த இடத்தில் பேப்பர் படிக்க முடிகிறதா? முடிந்தால் செடிக்கும் அந்த வெளிச்சம் ஓரளவு போதும். இருட்டு மூலையில் வைத்தால் இலைகளுக்கு இடையே இடைவெளி கூடும், தண்டு மெலியும், நிறம் வெளுக்கும். ஏ.சி. காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம்.

புதிதாக வாங்கி வந்ததும் கவனம். ஓசூர், பெங்களூரு நர்சரிகளில் நிழல்வலைக்குக் கீழே, நம்மைவிடக் குளிர்ந்த காற்றில் வளர்ந்த செடி அது. தருமபுரி வந்ததும் சில இலைகளை உதிர்க்கலாம். இரண்டு வாரம் ஒரே இடத்தில் வைத்துப் பழக விடுங்கள். வந்த அன்றே தொட்டி மாற்றுவது, உரம் போடுவது எல்லாம் வேண்டாம். இடத்தை அடிக்கடி மாற்றுவதும் இந்தச் செடிக்குப் பிடிக்காது.

மண்ணும் உரமும் எப்படி?

செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, அதோடு பெருமணல் அரைப் பங்கு. தண்ணீர் ஊற்றினால் உடனே இறங்கிவிட வேண்டும், அதுதான் அளவுகோல். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வெறும் களிமண் வேண்டவே வேண்டாம்.

மண்தொட்டி நல்லது. பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாவதால் வேர் அழுகும் ஆபத்து குறைவு. எந்தத் தொட்டியானாலும் அடியில் ஓட்டை கட்டாயம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 2 அங்குலம் மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும். வெயில் தணிந்த ஜூன், ஜூலை மாதங்கள் அதற்கு ஏற்றவை.

ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. கடையில் கிடைக்கும் 19:19:19 உரம் போடுவதாக இருந்தால் ஒரு லிட்டருக்கு 1 கிராம், மாதம் ஒருமுறை, அதுவும் மண் ஈரமாக இருக்கும்போது. உரமும் ஒருவகை உப்புதான் என்பதை மறக்க வேண்டாம். டிராசீனா, கலாத்தியா வைத்திருப்பவர்கள் சூப்பர் பாஸ்பேட் உரத்தைத் தவிருங்கள், அதிலும் ஃப்ளோரைடு இருக்கிறது.

இலையைப் பளபளப்பாக வைப்பது எப்படி?

கருப்பு இலையில் தூசி உடனே தெரியும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தால் போதும். தூசி போனால் இலைக்கு வெளிச்சமும் நன்றாகக் கிடைக்கும். தேங்காய் எண்ணெய், பால் தடவுகிற வீடியோக்களை நம்ப வேண்டாம். எண்ணெய் இலையின் சுவாசத் துளைகளை அடைக்கும், தூசியையும் கூட்டும். பால் தடவினால் எறும்பும் பூஞ்சையும் வரும்.

போர் தண்ணீரை இலைமேல் ஸ்பிரே பண்ணுவதும் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி அப்படியே நிற்கும்.

இலை என்ன சொல்கிறது?

• கீழ் இலைகள் அடுத்தடுத்து மஞ்சளாகி உதிர்கிறதா? தண்ணீர் அதிகம். எப்போதாவது ஒரு பழைய இலை உதிர்வது இயல்பு.

• இலை ஓரம் பழுப்பாகிக் காய்கிறதா? உப்பு சேர்ந்திருக்கலாம், அல்லது மண் அடிக்கடி முழுதாகக் காய்ந்துபோகிறது. முதலில் மண்ணைக் கழுவிப் பாருங்கள்.

• இலை நடுவில் வெளிறிய, காய்ந்த திட்டு இருக்கிறதா? வெயில் சுட்டிருக்கிறது. இடத்தை மாற்றுங்கள்.

• புது இலை பச்சையாக, சிறிதாக வருகிறதா? வெளிச்சம் போதவில்லை.

• இலையில் பிசுபிசுப்பு, தண்டு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிகிறதா? மாவுப்பூச்சி. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஒரு இலையில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

• இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கிறதா? சிவப்புச் சிலந்திப் பேன். வறண்ட கோடையில் வரும். இலையின் இரண்டு பக்கமும் நன்றாகக் கழுவினாலே பெரும்பாலும் குறைந்துவிடும்.

ஒருமுறை கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. கத்தரிக்கோலால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, அடுத்து வரும் புது இலை எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். புது இலை சுத்தமாக வந்தால் சிகிச்சை பலிக்கிறது.

ஒரு செடியை இரண்டாக்குவது எப்படி?

மாங்கன்றில் ஒட்டுக் கட்டிப் பழகிய மாவட்டம் இது. ரப்பர் செடிக்குப் பதியன் முறை போதும். தண்டில் ஒரு விரல் அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்து, பாலைத் துடைத்துவிட்டு, ஈரமான நார்க்கழிவு வைத்து பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டுங்கள். ஒன்று, இரண்டு மாதத்தில் வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டி நட்டுவிடலாம்.

ஒற்றை இலையைத் தண்ணீரில் வைத்தால் வேர் வரும், ஆனால் செடியாக வளராது. தண்டின் கணு ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும்.

குழந்தைகள், செல்லப்பிராணிகள் உள்ள வீட்டில் ஆபத்தா?

ரப்பர் செடியின் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு வரும். கண்ணில் படவே கூடாது. வெட்டும்போது கையுறை போடுங்கள், உடனே கை கழுவுங்கள். நாய், பூனை மென்றால் வாந்தி, வாய் எரிச்சல் வரலாம். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அலோகேசியா, இசட்.இசட். செடிகளில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. சேம்பை வேகாமல் தின்றால் நாக்கு நமைக்குமே, அதே மாதிரி. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது. குழந்தை மென்றுவிட்டால் வாயைத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டுக் காற்றைச் சுத்தம் பண்ணுமா?

விற்பனையின்போது அதிகம் சொல்லப்படுவது இதுதான். 1989-ல் நாசா நடத்திய ஆய்வை ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த ஆய்வு நடந்தது மூடிய சிறிய அறைப் பெட்டிகளில். நம் வீட்டில் ஜன்னல், கதவு, மின்விசிறி எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் பழைய ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்தார்கள். கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆக, நல்ல காற்று வேண்டுமென்றால் ஜன்னலைத் திறங்கள். செடியைக் கண்ணுக்கு அழகாகவும் மனசுக்கு இதமாகவும் வையுங்கள்.

பெரிதானதும் தோட்டத்தில் நட்டுவிடலாமா?

வீட்டை ஒட்டி நட வேண்டாம். தொட்டிக்குள் ஆறேழு அடியில் அடங்கி நிற்கும் செடி, நிலத்தில் இறங்கினால் ஆலமரம் மாதிரி விழுது விட்டுப் பெரிய மரமாகிவிடும். சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய் எதையும் அதன் வேர் விட்டுவைக்காது. தொட்டியிலேயே நுனியை வெட்டி அளவாக வளர்ப்பதுதான் பாதுகாப்பு.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம்

செடியின் நுனி கருகினால் உடனே குடிநீரில் ஃப்ளோரைடு என்று முடிவு பண்ண முடியாது. கருகல் பல காரணங்களால் வரும். அதேபோல, செடி நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் கலங்கலின்றி, நாற்றமின்றி, சுவையாக இருந்தாலும் ஃப்ளோரைடு இருக்கலாம். டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பின் அளவைத்தான் காட்டும், ஃப்ளோரைடைத் தனியாகக் காட்டாது.

அதனால், வீட்டு போர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துகிறீர்கள் என்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். வளரும் குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போட வேண்டாம். பல் முளைக்கும் வயதில்தான் ஃப்ளோரைடின் கறை பல்லில் பதிகிறது. செடி, பயிர் சார்ந்த சந்தேகம் என்றால் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் ரப்பர் செடி அல்லது இசட்.இசட். வாங்குங்கள்.
• மழைநீரைப் பிடித்து, மூடி வையுங்கள்.
• ஆர்.ஓ. கழிவு நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.
• விரல் விட்டுப் பார்த்து, மண் காய்ந்தபிறகே தண்ணீர்.
• இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்ணைக் கழுவுங்கள்.
• தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.
• செடிக்குச் சேராத தண்ணீர் நம் குழந்தைக்குச் சேருமா என்று ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.